தொட்டியில் சாலட் உருளை: கோளாறு ரகத்திலா, வளர்ப்பிலா?

தொட்டியில் உருளைக்கிழங்கு போட்டு ஏமாந்தவர்களைக் கேட்டால் முதலில் மண்ணைத்தான் குறை சொல்வார்கள், அப்புறம் உரம், அப்புறம் தண்ணீர். நானும் முதல் மூன்று பருவம் மண்கலவையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தொட்டியிலும் எந்த ரகம், எந்தத் தேதியில் நட்டது என்று எழுதி ஒட்ட ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஒரே மண், ஒரே வெயில், ஒரே தண்ணீர், ஆனால் ஒரு தொட்டியில் விரல் நீளத்துக்கு அழகான கிழங்கு, பக்கத்துத் தொட்டியில் வெறும் தழை. மண் எந்தத் தப்பும் செய்யவில்லை, அந்தத் தொட்டிக்கு நான் தேர்ந்தெடுத்த ரகம்தான் பொருந்தவில்லை.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படியுங்கள். எதுவானாலும் முதலில் ரகத்தைச் சந்தேகப்படுங்கள், பிறகு வளர்ப்பு முறையைப் பாருங்கள். மண்ணை நடுவில் திருத்திக்கொள்ளலாம், ரகத்தை நடுவில் திருத்த முடியாது.

சாலட் உருளை என்று நான் சொல்வது வெந்த பிறகும் உருக்குலையாத, துண்டு போட்டால் ஓரம் கூராக நிற்கிற, சதை மெழுகு மாதிரி இறுக்கமாக இருக்கிற கிழங்கை. இதில் மாவுச்சத்து குறைவு, ஈரம் அதிகம். கிழங்கும் பெரும்பாலும் சின்னதாக, நீள்வட்டமாகவோ விரல் போலவோ இருக்கும். ஷார்லட், நிக்கோலா, மாரிஸ் பீர், அன்யா, ரட்டே, பிங்க் ஃபிர் ஆப்பிள் எல்லாம் இந்த வகை. ரஸ்ஸெட் பர்பாங்க், கிங் எட்வர்ட் மாதிரியானவை மாவுக் கிழங்குகள், அவற்றை எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் சாலட் பதம் வராது.

செடி காடு மாதிரி, கிழங்கு கோலி மாதிரி

அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நாளை எண்ணுங்கள். உருளையில் முன்பருவ ரகங்கள் நட்டதிலிருந்து சுமார் 70 முதல் 90 நாளில் தோண்டும் பதத்துக்கு வரும். இடைப்பருவ ரகங்களுக்கு 90 முதல் 110 நாள். பின்பருவ ரகங்களுக்கு 120 நாளுக்கு மேல், சிலவற்றுக்கு 140 கூட ஆகும். பின்பருவ ரகம் முதலில் தழையைத்தான் கட்டும், கிழங்கைப் பெருக்க வைப்பது பிற்பாடுதான். நிலத்தில் அதற்கு இடமும் காலமும் கிடைக்கிறது. தொட்டியில் அந்தப் பெரிய தழைக்கு வேண்டிய தண்ணீரைச் சின்ன வேர்ப்பந்து கொடுக்க முடிவதில்லை, கிழங்கு பருக்க வேண்டிய நேரத்தில் செடி தாகத்தில் நிற்கிறது. பிங்க் ஃபிர் ஆப்பிள் இதற்கு நல்ல உதாரணம். ருசி அருமை, பதமும் அருமை, ஆனால் அது பின்பருவ ரகம், தழையும் பெரிசு. 10 லிட்டர் பையில் அதை நட்டுவிட்டு மூன்றாம் மாதம் கொட்டிப் பார்த்தால் மனசு உடைந்துபோகும்.

இதே குடும்பத்தில் உங்களுக்கு ஆசை இருந்தால் அன்யாவைப் பாருங்கள். டெசிரே என்கிற சிவப்புத்தோல் ரகத்தையும் பிங்க் ஃபிர் ஆப்பிளையும் கலந்து ஸ்காட்லாந்தில் உருவாக்கியது. விரல் போன்ற வடிவமும் பதமும் கிட்டத்தட்ட அதேதான், முண்டு முடிச்சு குறைவு, அவ்வளவு நாள் காத்திருக்கவும் வேண்டாம். இன்னும் பாதுகாப்பான தேர்வு வேண்டுமென்றால் ஷார்லட். 1981இல் பிரான்சில் வந்த இடைப்பருவ ரகம், தொட்டியில் நான் கண்டவரை இதுதான் அதிகம் மன்னிக்கிற ரகம். முதல் தடவை நடுகிறவர்களுக்கு யோசிக்காமல் இதையே சொல்வேன்.

ரகம் சரிதான், நாளும் ஆகிவிட்டது, அப்படியும் கோலிதான் என்றால் அடுத்த சந்தேகம் வெப்பம். உருளைக்குக் கிழங்கு கட்ட மண் சுமார் 15 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் சுகம். 30ஐ நெருங்கினால் கிழங்கு கட்டுவது ஏறக்குறைய நின்றுவிடும், ஆனால் தழை வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் மேலே பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாக நடப்பது போலத் தெரிகிறது. முக்கியமாக இரவு குளிர வேண்டும், இரவும் 20க்கு மேலேயே நின்றால் பகலில் சேர்த்ததைச் செடி இரவில் செலவழித்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி நேர் வெயிலில் நின்றால் உள்ளே மண் காற்றை விடச் சூடாகிவிடும். தொட்டியின் பக்கவாட்டை மட்டும் நிழலில் வையுங்கள், அல்லது வெளிர்நிறத் துணியோ சாக்கோ சுற்றுங்கள். தழைக்கு வெயில் வேண்டும், தொட்டிக்கு வேண்டாம். கோடை நீண்டு கடுமையாக இருக்கும் இடம் என்றால் குளிர்காலத்தை ஒட்டி நட்டு, வெயில் ஏறும் முன் தோண்டிவிடக்கூடிய முன்பருவ ரகத்தைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

மூன்றாவது சந்தேகம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கோழி எரு, யூரியா, இலைக்கான திரவ உரம் என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் செடி இலையை விட்டு இறங்கி வராது. இலை கரும்பச்சையாக, தண்டு கொழுத்து, லேசான காற்றுக்கே சாய்கிறது என்றால் இதுதான். மொட்டு தெரிகிற சமயத்தில் தழைச்சத்தை நிறுத்திவிட்டு சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், கூடிய உரத்துக்கு மாறுங்கள். மர அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டாதீர்கள், ஏன் என்பது சொறி நோய் பகுதியில் வரும்.

கிழங்கு நாலே நாலு, ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு

ஒரு விதைக்கிழங்கிலிருந்து எத்தனை தண்டு வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் கிழங்கின் எண்ணிக்கை. தண்டு குறைந்தால் கிழங்கு குறைவு, ஆனால் பெரிசு. தண்டு கூடினால் கிழங்கு அதிகம், சின்னது. பெரிய கிழங்கு வேண்டும் என்பவர்கள் முளைகளில் மூன்றை விட்டு மற்றதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். அந்த யோசனையை எங்கோ கேட்டுவிட்டு சாலட் ரகத்திலும் செய்தால் இப்படித்தான் ஆகும். சாலட் கிழங்குக்கு எல்லா முளையையும் விட்டுவிடுங்கள். நுனியில் ஒரே முளை மட்டும் நீண்டிருந்தால் அதை ஒடித்துவிட்டால் மற்ற கண்கள் விழித்துக்கொள்ளும்.

ரகத்திலும் வித்தியாசம் உண்டு. மாரிஸ் பீர் இயல்பாகவே நிறைய சின்னக் கிழங்கு கட்டும், ஆனால் மண் காய்ந்தால் பொறுக்காது. தினமும் தண்ணீர் விட முடியாதவர்களுக்கு அது சரிப்படாது.

தொட்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டே போனேன், மேல் அடுக்கில் ஒன்றும் இல்லை

செடி வளர வளர மண்ணைக் கொட்டி உயரத் தொட்டியை நிரப்பினால் அடுக்கு அடுக்காகக் கிழங்கு கட்டும் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. முன்பருவ, இடைப்பருவ ரகங்களில் கிழங்கு பெரும்பாலும் விதைக்கிழங்குக்கு அருகிலேயே, ஒரே மட்டத்தில்தான் கட்டுகிறது. மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும் தண்டுகளின் நுனிதான் கிழங்காகப் பருக்கிறது, அவை கிளம்புவது சீக்கிரமே முடிந்துவிடும். மண் அணைப்பது அவசியம்தான், அது கிழங்கை வெளிச்சத்திலிருந்து மறைக்க. 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழம் போதும். அதற்கு மேல் உயரத்துக்குச் செலவழிப்பதை அகலத்துக்குச் செலவழியுங்கள். ஒரு விதைக்கிழங்குக்கு 10 லிட்டர் மண் குறைந்தபட்சம், 30 லிட்டர் தொட்டியில் மூன்றுக்கு மேல் வேண்டாம். நெருக்கி நட்டால் எல்லாமே நகம் அளவுக்குத்தான் வரும்.

நட்டு ஒரு மாதம் ஆகியும் மேலே ஒன்றும் வரவில்லை

கையை விட்டு மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக, முளையே இல்லாமல் நட்டபடியே இருந்தால் அது இன்னும் தூக்கத்தில் இருக்கிறது. அறுவடையான கிழங்கு பல வாரம், சில ரகத்தில் மூன்று மாதம் வரை கூட முளைக்காது. சமையலுக்கு வாங்கியதை நட்டிருந்தால் முளைப்பைத் தடுக்கும் மருந்து பட்டதாகவும் இருக்கலாம், அதில் ரகம் என்னவென்றே தெரியாது என்பது இன்னொரு சங்கடம். நடும் முன் வெளிச்சமான, குளிர்ந்த இடத்தில் வைத்துக் குட்டையான, திடமான முளை ஒரு சென்டிமீட்டராவது வந்த பிறகு நடுங்கள். இருட்டில் வைத்தால் வெளுத்து நீண்ட முளை வரும், நடும்போதே ஒடியும்.

கிழங்கு கொழகொழவென்று நாறினால் அது அழுகிவிட்டது. பெரும்பாலும் வெட்டி உடனே நட்டிருப்பீர்கள், அல்லது மண் சொதசொதவென்று இருந்திருக்கும். சாலட் ரகங்களின் விதைக்கிழங்கே சின்னது, அதை வெட்டவே வேண்டாம்.

வேகவைத்தால் ஓரம் கரைகிறது, குழைந்துபோகிறது

விளைச்சல் நன்றாகவே வந்திருக்கும், சட்டியில் போட்ட பிறகுதான் ஏமாற்றம். இங்கே மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, அது சாலட் ரகமே இல்லை. சின்னக் கிழங்கு எல்லாம் சாலட் கிழங்கு என்று நினைத்து வாங்குகிறோம். இளசாகத் தோண்டினால் எந்த ரகமும் ஓரளவு இறுக்கமாகத்தான் இருக்கும், அதனால் முதல் தடவை தெரியாது. வீட்டிலேயே சோதிக்கலாம்: 11 கிண்ணம் தண்ணீரில் ஒரு கிண்ணம் உப்பைக் கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மாவுக் கிழங்கு அடர்த்தி கூடியது, மூழ்கும். மெழுகுப் பதமுள்ளது மிதக்கும். ஒரே கிழங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், நாலைந்து போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ரகம் சரி, தோண்டிய நாள் தப்பு. கிழங்கு முதிர முதிர மாவுச்சத்து ஏறும். இண்டர்நேஷனல் கிட்னி என்ற பழைய ரகம் இதைத் தெளிவாகக் காட்டும். ஜெர்சி தீவில் விளைந்தால் ஜெர்சி ராயல் என்று பெயர் பெறுவது இதே ரகம்தான். அந்தப் பேர் இளங்கிழங்கால் வந்தது, முதிர விட்டால் அதன் குணமே மாறிவிடும். ஷார்லட்டும் நிக்கோலாவும் இந்த விஷயத்தில் நிதானமானவை, தழை மடிந்த பிறகும் பதம் அதிகம் கெடாது. நீங்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் தோண்டாமல், வேண்டும்போது ஒரு தொட்டி என்று கொட்டுகிறவர் என்றால் இந்த இரண்டும்தான் பொருந்தும். நிக்கோலா 1973இல் ஜெர்மனியில் வந்தது, இன்றும் அதற்கு மவுசு குறையவில்லை, காரணம் இந்த நிதானம்தான் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, வேகவைக்கும் முறை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உள்ளே வேகும் முன் வெளிப்பக்கம் குழைந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள், தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். 55 முதல் 60 டிகிரி வாக்கில் கொஞ்ச நேரம் நின்றால் கிழங்கின் சொந்த நொதி ஒன்று செல் சுவரை இறுக்கிவிடுகிறது, பிறகு கொதித்தாலும் எளிதில் பிரியாது.

வெந்து ஆறியதும் சாம்பல் நிறமாகிறது

கிழங்கில் இருக்கும் இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்து காற்றுப்பட்டதும் வரும் நிறம் இது. சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. ரகத்துக்கு ரகம் மாறும். வேகும் தண்ணீரில் கடைசிப் பகுதியில் சிறிது எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டால் குறையும்.

செடி சீக்கிரமே மஞ்சளாகிவிட்டது

முன்பருவ ரகம் நட்டிருந்து 75, 80 நாள் ஆகியிருந்தால் கவலைப்படாதீர்கள், அது முதிர்ந்துவிட்டது. ஸ்விஃப்ட் போன்ற மிகச் சீக்கிரம் வரும் ரகங்கள் குட்டையாக வளர்ந்து சட்டென்று முடிந்துவிடும், அதை நோய் என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தொட்டியைத் தோண்டிப் பாருங்கள், கிழங்கு தயாராக இருக்கும்.

40, 50 நாளிலேயே அடியிலைகளிலிருந்து மஞ்சள் ஏறினால் வடிகாலைப் பாருங்கள், துளை அடைத்திருக்கலாம். ஒரே ஒரு தண்டு மட்டும் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்து, அடிப்பகுதி கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் அது விதைக்கிழங்கோடு வந்த பாக்டீரியா அழுகல். அந்தச் செடியை மண்ணோடு அகற்றுங்கள். மருந்து தேடாதீர்கள், இல்லை.

பூக்கவே இல்லை என்பது கோளாறு கிடையாது. சில ரகம் பூக்காது, சில மொட்டிலேயே உதிர்க்கும். பூத்தால்தான் கிழங்கு என்று காத்திருந்து முதிர விட்டுவிடாதீர்கள், நாட்கணக்கை நம்புங்கள். தக்காளிக்காய் மாதிரிப் பச்சைக் காய் காய்த்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பறித்துப் போட்டுவிடுங்கள், அது விஷம்.

கிழங்கு கோணல்மாணலாக, முண்டும் முடிச்சுமாக வருகிறது

பிங்க் ஃபிர் ஆப்பிள் என்றால் அதன் பிறவி வடிவமே அதுதான். தோலோடு வேகவைத்தால் தொல்லை இல்லை. ஷார்லட்டோ மாரிஸ் பீரோ இப்படி வந்தால் தண்ணீர்தான் காரணம். நெல்லுக்குச் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும் இதற்கு ஆகாது. மண் காய்ந்து சூடேறும்போது கிழங்கு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், திரும்பத் தண்ணீர் கிடைத்ததும் நுனியிலிருந்து புதிதாக ஒரு முண்டு கிளம்பும், சில சமயம் மணி கோத்த மாதிரி கிழங்குக்குப் பின்னால் கிழங்கு. நடுவில் பொந்து விழுவதும் இதே ஏற்ற இறக்கத்தால்தான். முழுச் செடியுள்ள தொட்டி வெயில் நாளில் காலையில் நனைத்தால் மாலைக்குள் காய்ந்துவிடும், விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், மேல்மண்ணின் நிறத்தைப் பார்த்து இல்லை.

தோலில் சொரசொரப்பான பொருக்கு

சொறி நோய். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண்வாழ் நுண்ணுயிரி. காய்ந்த மண், காரத்தன்மை, இரண்டும் அதற்குப் பிடிக்கும். மண்ணில் சுண்ணாம்பு, சாம்பல், அரைகுறையாக மக்கிய எரு வேண்டாம். கார அமில அளவு (pH) 5க்கும் 6க்கும் இடையில் இருந்தால் நல்லது. கிழங்கு கட்டத் தொடங்கியதும் வரும் நாலு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி தப்பிக்கலாம். தோலை சீவிவிட்டுச் சாப்பிடலாம், ஆனால் சாலட் கிழங்கைத் தோலோடு உண்ணத்தானே வளர்க்கிறோம், அதனால் இதை அலட்சியம் செய்ய மனம் வரவில்லை.

பச்சையாகிவிட்ட கிழங்கு

வெளிச்சம் பட்டது. பச்சை நிறம் வெறும் பச்சையம்தான், ஆனால் அதே வெளிச்சம் சோலனைன் என்ற நச்சையும் கூட்டும், கசக்கும், வயிற்றைக் கெடுக்கும். சாலட் ரகங்கள் சின்னதாக மேலோட்டமாகக் கட்டுவதால் தண்ணீர் ஊற்றும்போது மண் கரைந்து எளிதில் வெளியே தெரிந்துவிடும். வாரம் ஒரு தடவை மண் அணையுங்கள். ஒளி ஊடுருவும் மெல்லிய பைகளில் நடாதீர்கள். பச்சை ஏறியதை வேகவைத்தாலும் நச்சு போகாது.

இலையில் ஈரக் கறை, நாலு நாளில் எல்லாம் கருகியது

பின்பருவ இலைக்கருகல், ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற நுண்ணுயிரியால் வரும் நோய். 1845இல் அயர்லாந்தின் பஞ்சத்துக்குக் காரணமானது இதுதான். இரண்டு நாள் தொடர்ந்து வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல், இரண்டு நாளிலும் 6 மணி நேரமாவது ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் ஆபத்து என்று 2017 முதல் பிரிட்டனில் எச்சரிக்கை கொடுக்கிறார்கள். நீங்களும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

இதிலும் ரகம்தான் முதல் கேள்வி. நோயைத் தாங்கும் சார்ப்போ மிரா போன்ற ரகங்கள் இருக்கின்றன, ஆனால் அது பின்பருவம், மாவுப் பதம், பெருந்தழை, தொட்டி சாலட்டுக்கு மூன்றும் ஒத்துவராது. நமக்கு நல்ல வழி ஓடித் தப்பிப்பது: நோய்க்காலம் தொடங்கும் முன் தோண்டிவிடக்கூடிய முன்பருவ, இடைப்பருவ ரகம். பிங்க் ஃபிர் ஆப்பிள் கடைசிவரை நிலத்தில் நிற்பதால் நன்றாக அடி வாங்கும். இலையில் தண்ணீர் படாமல் அடியில் ஊற்றுங்கள், தொட்டிகளுக்கு இடையே காற்று போகட்டும். கறை பரவிவிட்டால் தழையை அன்றே வெட்டி அகற்றி, இரண்டு மூன்று வாரம் மண்ணைக் கிளறாமல் விட்டு, தோல் இறுகிய பிறகு தோண்டுங்கள்.

சொந்த விதைக்கிழங்கில் வருடாவருடம் விளைச்சல் குறைகிறது

அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி மூலம் வரும் வைரஸ் கிழங்கிலேயே தங்கி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இலை சுருளும், மேல்நோக்கி மடங்கும், திட்டுத்திட்டாக வெளுக்கும், கிழங்கு சிறுத்துக்கொண்டே போகும். ரகம் களைத்துவிட்டது என்று சொல்கிறார்கள், உண்மையில் அது நோயாளிக் கிழங்கு. அதே ரகத்தைச் சான்று பெற்ற விதைக்கிழங்காகப் புதிதாக வாங்கி, புது மண்ணில் நட்டால் பழைய விளைச்சல் திரும்பிவிடும். பழைய மண்ணை வீணாக்க வேண்டாம், பீன்ஸுக்கோ கீரைக்கோ கொடுங்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் மட்டும் கொடுக்காதீர்கள், அவையும் உருளையின் உறவுதான்.